ஒரு பந்தியும் ஒரு நாவலும்
நைஜீரிய நாவல்களில் குடும்பம், உழைப்பு, பண்பாடு: கட்டைபறிச்சானிலிருந்து ஒரு நோக்கு

1. முகவுரை

நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்சிபி 1958 இல் வெளியிட்ட முதல் நாவல், ஈழத்தவரான என். கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழ் வாசகருக்குக் கிடைத்துள்ளது. அந்நாவலின் இறுதியில் கதைத்தலைவன் ஒக்கொங்வோ தூக்கிட்டு இறந்து கிடக்கிறான். அவனைக் கைது செய்ய வந்த ஆங்கிலேய மாவட்ட ஆணையாளர், தாம் எழுதவிருக்கும் நூலைப் பற்றிச் சிந்தித்தவாறு திரும்பிச் செல்கிறார். இம்மனிதனின் கதைக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாமா என எண்ணுகிறார். பின்னர், அத்தியாயம் மிகை, ஒரு பந்தி போதும் என்ற முடிவுக்கு வருகிறார். இருபத்தைந்து அத்தியாயங்களில் ஒரு மனிதனையும் அவனது ஊரையும் அறிந்துகொண்ட வாசகனுக்கு அந்த ஒற்றைப் பந்தியின் வன்முறை அப்பொழுதுதான் முழுமையாகப் புலப்படுகிறது.

நைஜீரியரின் அன்றாட வாழ்க்கை பற்றிய நமது அறிவும் பெரும்பாலும் அந்தப் பந்தியின் அளவினதே. 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஈழத்துத் தமிழ் ஆசிரியர் பலர் நைஜீரியப் பாடசாலைகளிற் பணிபுரியச் சென்றனர். எண்ணெய் வருவாயால் அந்நாடு கல்வியை விரைந்து விரிவுபடுத்திய காலம் அது. 1976 இல் அனைவருக்கும் ஆரம்பக் கல்வி என்னும் திட்டம் அங்கு தொடங்கப்பட்டிருந்தது. ஆயினும் அங்கிருந்து நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்த செய்திகளுள் ஊதியமும் வெயிலும் வேடிக்கை வழக்கங்களுமே மிகுதி. 'காப்பிரி' என்னும் சொல்லை இன்றும் இழிவுப் பொருளில் வழங்கும் சமூகம் நமது. அச்சொல்லுக்குரிய ஆபிரிக்க வழிவந்த மக்கள் இத்தீவிலேயே, புத்தளத்திலும் திருகோணமலையிலும் வாழ்ந்து வந்திருப்பதையும் நாம் பொருட்படுத்துவதில்லை.

இக்கட்டுரை சில நைஜீரிய நாவல்களை, மூதூருக்குத் தென்கிழக்கே வயலும் களப்பும் சூழ அமைந்த கட்டைபறிச்சான் என்னும் ஊரில் நின்று வாசிக்க முற்படுகிறது. குடும்பம், உழைப்பு, பண்பாடு ஆகிய மூன்றும் இந்நாவல்களில் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை ஆராய்வதும், அப்பிணைப்பு நமது இலக்கிய நோக்குக்கு விடுக்கும் வினாவை முன்வைப்பதும் இதன் நோக்கங்களாகும்.

2. விதைக்கிழங்கும் விதைநெல்லும்

'சிதைவுகள்' நம்மிடையே பெரும்பாலும் காலனித்துவ எதிர்ப்பு நாவலாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்புத் தவறானதன்று; எனினும் குறைபாடுடையது. நாவலின் முதற் பாகமான முதற் பதின்மூன்று அத்தியாயங்களும் வெள்ளையர் வருகைக்கு முந்திய உமுவோபியா ஊரின் வாழ்வையே சித்திரிக்கின்றன. மதப் பிரசாரகர் இரண்டாம் பாகத்திலேயே கதைக்குள் நுழைகின்றனர். பாதிக்கு மேற்பட்ட நாவலை 'பின்னணி' எனத் தள்ளிவிடும் திறனாய்வு, ஆசிரியர் எதனை முதன்மையாகக் கருதினார் என்பதைக் காணத் தவறுகிறது.

தொடக்கத்திலேயே வரும் ஒரு காட்சி இதற்குச் சான்றாகும். ஒக்கொங்வோவின் தந்தை உனோகாவிடம் அயலவன் ஒருவன் வருகிறான். விருந்தோம்பலின் குறியாகக் கோலாக் கொட்டை உடைக்கப்படுகிறது, முன்னோர் வேண்டப்படுகின்றனர், ஊர்ச் செய்திகள் பேசப்படுகின்றன. இவை யாவும் முடிந்த பின்னரே வந்தவன் பழமொழிகளால் சுற்றி வளைத்துத் தான் கொடுத்த இருநூறு சோழிகளைத் திருப்பிக் கேட்கிறான். உனோகா சிரித்துவிட்டுச் சுவரைக் காட்டுகிறான். அதிலுள்ள ஒவ்வொரு கோட்டுத் தொகுதியும் ஒவ்வொருவருக்குரிய கடன். பெரிய கடன்களை முதலில் தீர்க்க வேண்டும் என்கிறான். வெற்றிலைத் தட்டம் நீட்டிய பின்னரே கொடுக்கல் வாங்கலைப் பேசத் தொடங்கும் நமது திண்ணையை அறிந்தவர்க்கு இக்காட்சி அந்நியமானதன்று. பண்பாடு ஒருபுறம், பொருளாதாரம் ஒருபுறம் என்று ஆச்சிபி பிரிப்பதில்லை. கோலாக் கொட்டையும் சுவர்க் கோடும் ஒரே குடிசையில் உள்ளன.

தந்தையிடமிருந்து நிலமோ களஞ்சியமோ பெறாத ஒக்கொங்வோ, ஊர்ச் செல்வனொருவனிடம் எண்ணூறு விதைக்கிழங்குகளை வாரத்துக்குப் பெறுகிறான். விளைவில் மூன்றிலொரு பங்கே அவனுக்குரியது. அவ்வாண்டு முதலில் வறட்சி தாக்குகிறது. பின்னர் மழை ஓயாது பெய்கிறது. ஒருவன் தன் கழுத்திற் சுருக்கிட்டுக் கொள்கிறான். ஒக்கொங்வோவின் கடுமை, தோல்வி பற்றிய அச்சம், மென்மையை வெறுக்கும் மனப்பான்மை ஆகியன இந்த உற்பத்தி உறவிலிருந்து முளைத்தவை என்பதை ஆசிரியர் விளக்கவுரையின்றி உணர்த்துகிறார்.

இந்நாவல் வெளிவந்த அதே 1958 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் நெற்காணிச் சட்டம் நிறைவேறியது. விளைவிற் பாதியைக் காணிக்காரருக்கு அளந்து வந்த குத்தகை உழவரின் சுமையை நான்கிலொரு பங்கிற்கு மட்டுப்படுத்த அச்சட்டம் முனைந்தது. சட்டம் எட்டிய இடங்களும் எட்டாத இடங்களும் பல. ஆயினும் விதைநெல்லைக் கடன்பட்டு விதைத்து, களவெட்டியிலேயே கடனை அளந்து கொடுத்துவிட்டு, எஞ்சியதைச் சாக்கிற் கட்டிய அனுபவம் கிழக்கிலங்கை உழவனின் மனத்தை எவ்வாறு வார்த்தது என்பதை ஒக்கொங்வோவின் வழியாக நாம் விளங்கிக் கொள்ளலாம். நெல்லைப் 'பொலி' என்று மங்கலமாகக் கூறும் களவெட்டி மொழி, புதிர் எடுக்கும் சடங்கு ஆகியவற்றை நாட்டார் வழக்காறு எனத் தொகுத்து வைத்துள்ளோம். ஆயின் பொலி யார் வீட்டுக்குச் சென்றது என்ற வினாவோடு சேர்த்து அவற்றை வாசித்தோமா என்பது ஐயத்திற்குரியது. உமுவோபியாவின் புதுக்கிழங்கு விழாவை ஆச்சிபி வருணிக்கும்போது, அவ்விழாவுக்கான ஆயத்த நாட்களில் ஒக்கொங்வோ தன் மனைவியை அடிப்பதையும் துப்பாக்கியால் சுட முனைவதையும் மறைப்பதில்லை. விழாவும் வன்முறையும் ஒரே முற்றத்தில் நிகழ்கின்றன.

3. தாய் நிலம்

உமுவோபியா தந்தைவழிச் சமூகம். வள்ளிக்கிழங்கு ஆணின் பயிர். சேம்பு, அவரை, மரவள்ளி ஆகியன பெண்ணின் பயிர்கள். பட்டம் பெறாத ஆணைக் குறிக்கும் சொல்லே பெண்ணையும் குறிக்கிறது. இத்தகைய சமூகத்தில், தற்செயலாக ஓர் இளைஞனின் சாவுக்குக் காரணனாகும் ஒக்கொங்வோ ஏழாண்டுக் காலம் நாடு கடத்தப்படுகிறான். அவன் அடைக்கலம் புகுவது தாயின் ஊரிலாகும். முதிய தாய்மாமன் உச்செண்டு அவனுக்கு ஒரு வினா விடுக்கிறான்: பிள்ளைகள் தந்தைக்குரியர் எனில், 'தாயே மேலானவள்' என்று பொருள்படும் பெயரை நாம் ஏன் பெண்மக்களுக்கு இடுகிறோம்? ஒக்கொங்வோவிடம் விடையில்லை. விடையைக் கிழவனே கூறுகிறான்; சீரும் சிறப்பும் உள்ள காலத்தில் மனிதன் தந்தை நிலத்துக்குரியவன், துயர் வந்த காலத்தில் தாய் நிலமே அவனுக்குப் புகலிடம் என்பது அதன் சாரம்.

இப்பகுதி கட்டைபறிச்சான் வாசகரை இரு வகையிற் தொடும். கிழக்கிலங்கைத் தமிழரிடையே குடி தாய்வழி வருவதும், வீடு மகளுக்குரியதாவதும், மணம் முடித்த ஆண் மனைவியின் வளவுக்குச் செல்வதும் பரவலான வழக்கங்கள். ஆகவே தாய்வழி உறவின் வலுவை இங்குள்ள வாசகர் விளக்கமின்றியே அறிவர். அதே வேளையில், வீடு பெண்ணுக்குரியது என்பதனால் மட்டும் பெண் வீட்டின் தலைவியாகிவிடுவதில்லை என்பதையும் அவர் அறிவர். உச்செண்டு தாயைப் போற்றுகிறான்; ஆனால் தாயரின் கருத்தை அவையில் எவரும் கேட்பதில்லை. போற்றுதலும் பங்களித்தலும் வேறு வேறு என்பது அங்கும் இங்கும் ஒக்கும்.

இரண்டாவது, இடப்பெயர்வின் அனுபவம். 2006 இல் மூதூர் கிழக்கு மக்கள் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்பு வரை இடம்பெயர்ந்தனர். 2007 முதல் மீள்குடியேற்றம் படிப்படியாக நிகழ்ந்தபோதும், அயலூரான சம்பூரின் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்ப இயலாது, கட்டைபறிச்சான் உட்பட்ட நலன்புரி முகாம்களிற் பல ஆண்டுகளைக் கழித்தனர். 2015 இன் பின்னரே அவர்களது காணிகள் விடுவிக்கப்படலாயின. கூப்பிடு தூரத்தில் தம் வயல் கிடக்க, பிறர் ஊரில் பங்கீட்டு அரிசிக்கு நின்ற உழவரின் மனநிலையை ஆச்சிபியின் இரண்டாம் பாகம் முன்கூட்டியே எழுதி வைத்தாற் போலுள்ளது. உச்செண்டுவின் ஐந்து புதல்வரும் ஆளுக்கு முந்நூறு விதைக்கிழங்குகளை ஒக்கொங்வோவுக்குக் கொடுக்கின்றனர். அன்பும் குறைவில்லை, நிலமும் உண்டு. ஆயினும் நடு வயதில் அனைத்தையும் முதலிலிருந்து தொடங்குபவனுக்கு உழைப்பில் முன்னைய சுவை இல்லை. அகதி வாழ்வை இழப்பின் ஓலமாக மட்டும் எழுதப் பழகிய நமக்கு இது கவனத்திற்குரியது. உழைப்பின் சுவை போய்விடுதல் என்பதும் ஓர் இழப்பே. அது புள்ளிவிபரங்களில் ஏறாத இழப்பு.

4. துணி வெளுப்பவனும் தீப்பெட்டி விற்பவளும்

ஆச்சிபியின் பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் கதையில் இடம்பெறுவோர். அமைதி வாரத்தில் மனைவியை அடித்த ஒக்கொங்வோவை ஊர் தண்டிக்கிறது. எனினும் அங்கே குற்றமாகக் கொள்ளப்படுவது வாரத்தின் தூய்மை கெட்டமையே ஒழிய, பெண் அடிபட்டமை அன்று. இம்முரணை ஆச்சிபி பதிவு செய்கிறார்; அதனுள் நுழைந்து அவ்வாழ்வை வாழ்ந்து பார்ப்பதில்லை. அப்பணியைப் பெண் எழுத்தாளரே மேற்கொள்ள வேண்டியிருந்தது. புளோரா நுவாப்பாவின் 'எஃபுரு' (1966), அதன் இறுதியிலிருந்து தன் தலைப்பைப் பெற்றுக்கொண்ட புச்சி எமெச்செட்டாவின் 'தாய்மையின் இன்பங்கள்' (1979) ஆகியன இவ்வகையில் முதன்மையானவை.

எமெச்செட்டாவின் கதைத்தலைவி நுனு ஈகோ, கிராமத்திலிருந்து லாகோஸ் நகருக்கு மணமாகி வருகிறாள். அங்கே தன் கணவன் நைஃபே ஒரு வெள்ளைக் குடும்பத்தின் துணிகளை, அவ்வீட்டுப் பெண்ணின் உள்ளாடைகள் உட்பட, வெளுப்பவன் என அறிந்து அதிர்ச்சியடைகிறாள். ஊர்த்தலைவனின் மகளுக்கு இது ஆண்மைக்கு ஒவ்வாத தொழில். காலனித்துவக் கூலி, வேலையின் தன்மையை மட்டுமன்றி ஆண், பெண் என்ற சொற்களின் பொருளையும் மாற்றிவிடுகிறது என்பதை ஒரு சலவைத் தொட்டியைக் கொண்டே ஆசிரியை நிறுவிவிடுகிறார். நுனு ஈகோ தெருவோரத்தில் சிகரெட்டும் தீப்பெட்டியும் விற்கத் தொடங்குகிறாள். இரண்டாம் உலகப் போரில் நைஃபே வலிந்து படையிற் சேர்க்கப்பட்டுக் கடல் கடந்து அனுப்பப்படுகிறான். கட்டைபறிச்சானிலிருந்து நோக்கின் கொட்டியாரக் குடாவின் எதிர்க்கரையில் உள்ளது திருகோணமலைத் துறைமுகம். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு வீசியது அத்துறைமுகத்தின் மீதே. நைஃபேயைக் குடும்பத்திலிருந்து பிரித்த அதே போர், கொட்டியாரத்து மக்களின் தலைக்கு மேலும் பறந்து சென்றது.

நாவலின் உச்சம் போரில் இல்லை. நீதிமன்றக் காட்சியிலேயே உள்ளது. மகள் ஒரு யொரூபா இளைஞனை விரும்பிச் சென்றமையால் வெகுண்டு, அவ்வீட்டாரைக் கத்தியால் தாக்கிய நைஃபே வழக்கில் நிற்கிறான். பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணத்தைச் செலுத்துபவர் யார் என்ற வினாவுக்கு நுனு ஈகோ கணவனே என்கிறாள். பணத்தைத் தேடியவள் அவளே என்பது குறுக்கு விசாரணையில் வெளிப்படுகிறது. அவளோ, கணவன் தன்னை உடைமையாகக் கொண்டவன், ஆகையால் தான் தேடியதும் அவன் கொடுத்ததே என்ற கருத்தில் விளக்கம் தருகிறாள். அவள் பொய்யுரைக்கவில்லை. தன் சமூகம் கற்பித்த உண்மையை அவள் உரைக்கிறாள். அவ்வுண்மை நீதிமன்றத்தில் பொய்யாகக் கேட்கிறது.

பெண்ணின் உழைப்பு ஆணின் பெயரில் எழுதப்படும் இந்நிலை நமக்குப் புதிதன்று. 1980களிலிருந்து இலங்கைப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் பெருந்தொகையிற் செல்கின்றனர். கிழக்கு மாகாணத்துக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. அவர்கள் அனுப்பிய பணத்தில் எழும்பிய கல்வீட்டைச் சுட்டி 'இன்னாரின் வீடு' என்று நாம் கூறும் பெயர் யாருடையது? தாய் ஊரில் இல்லாததால் பிள்ளைகள் கெட்டுப் போயினர் என்று முறையிடும் நமது சிறுகதைகள், அப்பிள்ளைகளின் கொப்பிக்கும் காற்சட்டைக்கும் பணம் வந்த வழியை எத்தனை வரிகளில் எழுதியுள்ளன?

நுனு ஈகோவின் மூத்த புதல்வன் அமெரிக்காவுக்கும் அடுத்தவன் கனடாவுக்கும் படிக்கச் செல்கின்றனர். அவளோ தெருவோரத்தில், பற்றிப் பிடிக்க ஒரு கையுமின்றி இறக்கிறாள். இறந்த பின்னர் ஊரே வியக்கும் ஈமக்கிரியை நடக்கிறது. அவள் பெயரில் வழிபாட்டிடமும் எழுகிறது. ஆனால் பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்களுக்கு அவள் வரம் தருவதில்லை. பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட பின் முதியோர் மட்டும் விளக்கேற்றும் வீடுகளை இன்று நம் ஊர்களிலும் காண்கிறோம். அந்தியேட்டிக்கு வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் பணத்தையும் காண்கிறோம். நாவலின் தலைப்பிலுள்ள எள்ளலை விளங்கிக்கொள்ள நமக்கு நைஜீரியா பற்றிய அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை.

5. ஊர்ச்சங்கமும் சாதியும்

ஆச்சிபியின் இரண்டாவது நாவலான 'நோ லோங்கர் அற் ஈஸ்' (1960) ஒக்கொங்வோவின் பேரன் ஓபியைப் பற்றியது. லாகோசில் வாழும் உமுவோபியா மக்கள் ஒரு முன்னேற்றச் சங்கம் அமைத்து, எண்ணூறு பவுண் கடனாகக் கொடுத்து, அவனை இங்கிலாந்துக்கு அனுப்புகின்றனர். சட்டம் படித்து வந்து ஊரின் காணி வழக்குகளைப் பேசுவான் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அவன் ஆங்கில இலக்கியம் கற்றுத் திரும்பி அரச உத்தியோகத்தனாகிறான். கடன் தவணை, தம்பியின் படிப்பு, பெற்றோர் செலவு, உத்தியோகத்துக்குரிய கார் ஆகியவற்றிடையே நெருக்குண்டு, ஊழலை வெறுத்தவனே கையூட்டு வாங்கிப் பிடிபடுகிறான்.

அவன் காதலித்த கிளாரா 'ஒசு' எனப்படும் ஒதுக்கப்பட்ட குலத்தினள். ஒசு என்பார் தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டவர். அவர் சந்ததியினருடன் மண உறவு விலக்கப்பட்டது. ஓபியின் தந்தை முதிய கிறித்தவ உபதேசியார். மதம் மாறித் தன் தந்தை ஒக்கொங்வோவையே துறந்த அவர், ஒசுப் பெண்ணை மருமகளாக ஏற்க மறுக்கிறார். தான் உயிரோடிருக்கையில் இம்மணம் நிகழ்ந்தால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்கிறாள் தாய். மதம் மாறிய பின்னரும் சாதி மாறாத கதையை நாம் கற்க ஆபிரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை.

சட்டங்களும் ஒத்தே வந்துள்ளன. கிழக்கு நைஜீரிய சட்டமன்றம் ஒசு முறையை 1956 இல் சட்டத்தால் ஒழித்தது. இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இல் நிறைவேறியது. இச்சட்டங்களுக்குப் பின்னர் வெளிவந்த ஆச்சிபியின் நாவல், சட்டம் நுழையாத அறையாகிய தாயின் படுக்கையறையில் சாதி வாழ்வதைக் காட்டியது. நமது முற்போக்கு நாவல்கள் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் சாதியை எதிர்கொண்டன, கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) அவ்வகையிற் பெருஞ்சாதனை. போராட்டத்தைத் தலைமையேற்று நடத்தியவரின் சொந்த வீட்டுத் திருமணப் பேச்சில் நிகழும் மௌனத்தை நாம் அதே துணிவோடு எழுதினோமா என்பது விடை காண வேண்டிய வினாவாகும்.

சங்கத்தின் சித்திரிப்பும் மனங்கொள்ளத்தக்கது. ஆச்சிபி அதனைப் பழமைவாதக் கூட்டமாக எள்ளி நகையாடுவதில்லை. கூலி உழைப்பாளரும் சிறு எழுதுவினைஞரும் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அது. அன்பும் அதிகாரமும் அதனுள் ஒன்றாகவே இயங்குகின்றன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்கும் நமது ஊர்ச்சங்கங்கள் பாடசாலைக்குக் கட்டடம் அமைப்பதையும், அதேவேளை ஊரின் பழைய படிநிலைகளைக் கடல் கடந்தும் காப்பதையும் ஒருங்கே விளக்கக்கூடிய நாவல் தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

6. வரையறைகள்

இதுகாறும் நோக்கிய எழுத்தாளர் மூவரும் இக்போ இனத்தவர். நைஜீரியாவில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ளன. ஹவுசா, யொரூபா, இக்போ என்பன அவற்றுட் பெரியவை. ஆதலின் மேற்கூறியவற்றை 'நைஜீரியரின் குடும்ப முறை' எனப் பொதுமைப்படுத்துவது, யாழ்ப்பாணத்து வழக்கை ஈழத்தமிழர் அனைவரது வழக்காகக் கொள்வதை ஒத்த பிழையாகும். இப்பிழையின் துன்பத்தை மூதூர்ப் பிரதேச வாசகர் நன்கறிவர். வட நைஜீரியப் பெண் எழுத்தாளரான ஸைனப் அல்காலியின் 'தி ஸ்ரில்போர்ன்' (1984) போன்ற நாவல்களையும் சேர்த்து வாசிக்கும்போதே பட்டின மோகம், கல்வி, மணவாழ்வு ஆகியவற்றின் பிறிதொரு முகம் தெரியவரும். 1967 முதல் 1970 வரை நிகழ்ந்த பயாஃப்ரா போர், ஒரு நாட்டினுள் இனங்களுக்கிடையே ஏற்பட்ட பிளவின் விலையைக் காட்டியது. ஆச்சிபியின் முதலிரு நாவல்களும் அப்போருக்கு முந்தியவை என்பதையும் மறத்தலாகாது.

ஒப்புமைகளைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடுவதும் ஆபத்தானது. அவர்களும் நம்மைப் போன்றவரே என்பதால்தான் அவர்களை மதிக்கிறோம் என்றால், நம்மைப் போலல்லாதவரை மதிக்க நம்மிடம் காரணம் இல்லாது போகும். உமுவோபியாவில் இரட்டைக் குழந்தைகள் காட்டில் விடப்பட்டன. பணயமாக வந்து மூன்றாண்டுகள் மகன் போல வளர்ந்த சிறுவன் வெட்டிக் கொல்லப்பட்டான். இவற்றை ஆச்சிபி மறைக்கவுமில்லை, நியாயப்படுத்தவுமில்லை. ஒக்கொங்வோவின் மகன் புதிய மதத்தின் பாட்டிற் செவி சாய்த்தமைக்கு இக்கொடுமைகளே வழி திறந்தன. அச்சமூகம் வெளியிலிருந்து உடைக்கப்பட்டது. ஆயின் வெடிப்புகள் உள்ளேயே இருந்தன. தன் சமூகத்தை நேசிப்பவன் அதன் வெடிப்புகளை எழுதும் முறை இதுவே.

7. முடிவுரை

அன்றாட வாழ்வைப் பிறர் எழுதுதல் என்பதற்குக் கொட்டியாரத்திலேயே ஒரு பழைய வரலாறு உண்டு. 1660 இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, தப்பிச் சென்று, 1681 இல் இத்தீவு மக்களின் உழவு, உணவு, மணம், சாவு பற்றி நூலொன்று வெளியிட்டார். அவர்கள் நடுவே தொப்பி பின்னி விற்று வாழ்ந்தவராதலின் அவரது நூலில் நுண்மை உண்டு. அதே நொக்ஸ் பின்னர்க் கப்பற் தலைவராகி, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கும் வணிகத்திற் பங்குகொண்டார். ஒரு மக்களின் வாழ்வை நுணுகிப் பார்த்த கண், இன்னொரு மக்களைச் சரக்காகக் காண இயலும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

இது நமக்கும் பொருந்தும். மூதூர் கிழக்கில் வேடர் வழிவந்த மக்கள் நம் அயலிலேயே வாழ்கின்றனர். தமிழ் பேசுகின்றனர், சேனை செய்கின்றனர், களப்பிலும் கடலிலும் தொழில் செய்கின்றனர், தமக்கேயுரிய வழிபாட்டு மரபைப் பேணுகின்றனர். நமது எழுத்தில் அவர்களுக்கு இதுவரை கிடைத்தது என்ன? பெரும்பாலும் மாவட்ட ஆணையாளரின் ஒரு பந்தியே. மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' தொகுப்பு 1962 இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றபோது, கொட்டியாரத்துக் கடற்றொழிலாளர் வாழ்வு ஈழத்து இலக்கியத்தின் நடுவுக்கு வந்தது. தோணி என்னும் தொழிற்கருவி யாருக்குச் சொந்தம் என்ற ஏக்கத்தினூடாக ஒரு குடும்பத்தின் உள்ளத்தை அவர் காட்டினார். அவ்வழி மேலும் நீள்வதற்குரியது. வயலுக்கும், சேனைக்கும், முகாமுக்கும், விமான நிலையத்துக்கும் செல்ல வேண்டியது.

நைஜீரிய நாவல்கள் நமக்குத் தருவது கதைப்பொருள் அன்று, ஓர் அளவுகோல். குடும்பத்தை எழுதும்போது அதனுள் யாருடைய உழைப்பு யாருடைய பெயரில் உள்ளது என்று கேட்டல். உழைப்பை எழுதும்போது அது மனிதனின் அன்பையும் அச்சத்தையும் எவ்வாறு வார்த்தது என்று கேட்டல். பண்பாட்டை எழுதும்போது அதன் முற்றத்தில் அடிபட்டவர் யார் என்று கேட்டல். இவ்வினாக்களுடன் எழுதப்படும் ஒரு படைப்பு, நைஜீரியரைப் பற்றியதாயினும் கட்டைபறிச்சானைப் பற்றியதாயினும், ஒரு பந்திக்குள் அடங்காது. முகாமிலிருந்து மீண்டு, பற்றை மண்டிய வளவைத் துப்புரவாக்கி, மறுபடியும் விதைநெல்லுக்குக் கடன்பட்ட உழவன் ஒருவனின் வாழ்வும் அத்தகைய படைப்புக்குரியது. அவனைப் பற்றிய பந்திகள் அறிக்கைகளில் ஏராளமாக உள்ளன. நாவலை நாமே எழுதுதல் வேண்டும்.